மூன்று ஆண்டுகளாகப் "பூஜ்யம்" என்று எழுதினேன்: மீட்புப் பணியாளரின் பாதுகாப்பை எப்படி அளப்பது?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். கடலூர்ப் பக்கம் ஒரு தன்னார்வப் படகு மீட்புக் குழுவில் கணக்கு, ஆவணம், பயிற்சி ஏற்பாடு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்கிறேன். குழுவில் 60 பேர், பெரும்பாலோர் மீனவர்கள். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறினால் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் போவோம். ஆண்டுக்குப் பத்து நாள் வேலை இருந்தால் அதிகம்.

உயிர்காப்பு மேலங்கியும் கயிறும் வாங்க எங்களுக்குப் பணம் தரும் அறக்கட்டளை ஒன்று ஆண்டுதோறும் ஒரு படிவம் அனுப்புகிறது. அதில் ஒரு கட்டம்: "பணியின்போது ஏற்பட்ட, வேலைக்குப் போக முடியாமல் செய்த காயங்கள் எத்தனை?" மூன்று ஆண்டுகளாக அதில் பூஜ்யம் என்று எழுதிவந்தேன். பொய் சொல்ல நினைத்து எழுதவில்லை. காயம் என்று என்னிடம் யாரும் வரவில்லை.

போன மாதம் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவரின் காலைப் பார்த்தேன். கணுக்காலிலிருந்து பெருவிரல் வரை ஒரு தழும்பு. முந்தைய வெள்ளத்தில் தண்ணீருக்கடியில் கிடந்த தகரம் கிழித்ததாம். பதினொரு தையல். ஒரு மாதம் கடலுக்குப் போகவில்லை. "ஏன் அண்ணா என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "சொன்னால் அடுத்த தடவை என்னைப் படகில் ஏற்ற மாட்டீர்கள் அல்லவா" என்றார். அதன்பிறகு வீடு வீடாகக் கேட்கத் தொடங்கினேன். இன்னொருவருக்கு எலிக்காய்ச்சல் வந்து பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். தண்ணீர் வடிந்து ஒன்றரை வாரம் கழித்துக் காய்ச்சல் வந்ததால் அதை யாரும் வெள்ளத்தோடு சேர்க்கவில்லை.

இந்த ஆண்டுப் படிவம் மேசையில் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுத வேண்டும்? அதைவிட முக்கியமாக, எங்கள் ஆட்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

----

ஆலைச்சங்கு எழுதியது:

இருபது ஆண்டுகளாகத் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். அந்தக் கட்டம் ஆலைகளிலிருந்து வந்தது. அமெரிக்காவில் காயங்களின் எண்ணிக்கையை 2,00,000ஆல் பெருக்கி, மொத்த வேலை மணிகளால் வகுப்பார்கள். வாரம் 40 மணி, ஆண்டுக்கு 50 வாரம் என்று 100 பேர் உழைக்கும் நேரம்தான் அந்த 2,00,000. சிறிய ஆலையையும் பெரிய ஆலையையும் ஒரே தராசில் நிறுத்த அது உதவும். நம் நாட்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் வேறொரு வரம்பு இருந்தது: 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாமல் போனால் அந்த விபத்தைத் தெரிவிக்க வேண்டும்.

எண்களை ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள், சகோதரி. எண் இல்லாத இடத்தில் யார் உரக்கப் பேசுகிறார்களோ அவர்கள் சொல்வதுதான் உண்மை என்றாகிவிடும். உங்கள் சிக்கல் எண்ணில் இல்லை, எண்ணுகிற முறையில் இருக்கிறது. காயப் பதிவேடு ஒன்றைத் தொடங்குங்கள், எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள்.

----

எண்ணாயிரம் எழுதியது:

புள்ளியியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கிறேன். 60 பேர், 10 நாள், நாளுக்கு 12 மணி என்றால் ஆண்டுக்கு 7,200 மணி. மூன்று ஆண்டில் 21,600 மணி. இத்தனை மணியில் ஒரு காயமும் இல்லை என்பது முழு உண்மையாகவே இருந்தாலும் அது எதைக் காட்டும்?

புள்ளியியலில் ஓர் எளிய விதி உண்டு. ஒரு நிகழ்வு ஒருமுறைகூட நடக்கவில்லை என்றால், அதன் உண்மையான வீதம் 3ஐ மொத்த வாய்ப்புகளால் வகுத்தால் வரும் எண் வரைக்கும் இருக்கலாம் (95 விழுக்காட்டு நம்பிக்கையில்). இங்கே 3ஐ 21,600ஆல் வகுத்து 2,00,000ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 28. ஆண்டுக்கு ஒருவர் காயப்பட்டாலும் உங்கள் வீதம் அதே 28தான். ஆகவே மூன்று ஆண்டுப் பூஜ்யத்தையும் ஆண்டுக்கு ஒரு காயம் என்ற நிலையையும் உங்கள் தரவால் பிரித்தறிய முடியாது.

ஆலைச்சங்கு, வகுக்கும் எண்ணைப் பற்றியும் யோசியுங்கள். ஆலையில் எட்டு மணி நேரமும் இயந்திரம் ஓடுகிறது. தீயணைப்பு நிலையத்தில் 24 மணிப் பணியில் பெரும்பகுதி காத்திருப்பு. காத்திருந்த மணிகளையும் சேர்த்து வகுத்தால் ஆபத்து கரைந்து காணாமல் போகும். இதனால்தான் அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் தீக்களக் காயங்களை 1,000 தீ விபத்துகளுக்கு இத்தனை என்றும் கணக்கிடுகிறது. உங்களுக்கு மணியைவிட "ஒரு படகு தண்ணீரில் இறங்கியது" என்பதே சரியான அலகு.

----

பழையநிலையம் எழுதியது:

தீயணைப்புத் துறையில் 33 ஆண்டு இருந்து நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். அம்மா கெடிலக்கரை, அந்த மீனவர் சொன்னதை நான் நூறு தடவை வேறு வாயால் கேட்டிருக்கிறேன். "எழுதினால் மருத்துவத் தகுதி கேட்பார்கள், வண்டியிலிருந்து இறக்கி அலுவலகத்தில் உட்கார வைப்பார்கள்." நானே முழங்கால் வீக்கத்தை மறைத்து ஏணி ஏறியிருக்கிறேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். என் காலைப் பார்த்துத்தான் எனக்குக் கீழே இருந்த பிள்ளைகள் மறைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

உயிரிழப்பை மட்டும் மறைக்க முடியாது. 2020 தீபாவளி அதிகாலையில் மதுரை விளக்குத்தூண் பகுதி ஜவுளிக்கடைத் தீயில் பழைய கட்டடம் இடிந்து இரண்டு தீயணைப்போர் இறந்தார்கள். ஏப்ரல் 14 அன்று தீத்தொண்டு நாளில் நாங்கள் வணங்குவது 1944இல் பம்பாய்த் துறைமுக வெடிப்பில் மாண்ட 66 பேரை. இவை கல்லில் பொறித்த எண்கள். புகை? அதை யார் எண்ணினார்கள்? உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022இல்தான் தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. நான் பணியில் சேர்ந்தபோது கரி படிந்த உடுப்புதான் பெருமை. அதை வீட்டுக்கே கொண்டுபோய், என் மனைவி கையால் துவைத்தாள்.

நியூயார்க்கில் 2001 செப்டம்பர் 11 அன்று இறந்த தீயணைப்போர் 343 பேர் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த இடிபாட்டுத் தூசியால் பின்னர் நோயுற்று இறந்த அதே துறையினர் இப்போது அந்த எண்ணைத் தாண்டிவிட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் கணக்கை மூடியிருந்தால் பாதிப் பேர்கூட அதில் வந்திருக்க மாட்டார்கள்.

----

அணுவளவு எழுதியது:

இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. கதிர்வீச்சுப் பாதுகாப்பில் வேலை செய்தவன். அவசரப் பணியாளரின் ஆபத்தை ஆளுக்கொரு கருவி மாட்டி, எண்ணாகவே அளக்கும் தொழில் எங்களுடையது. அதனால் எங்கள் அனுபவம் உங்களுக்குப் பயன்படலாம். ஜப்பானில் விபத்துக்குள்ளான புகுஷிமா அணுமின் நிலையத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

2011 மார்ச் 11 அன்று சுனாமியில் கடல் உள்ளே வந்தபோது அந்த அணுமின் நிலையத்தின் கதிரளவிகள் பெரும்பாலானவை நனைந்து வீணாயின. ஏறத்தாழ 5,000 இருந்த இடத்தில் 320தான் தேறின. ஆகவே முதல் சில வாரங்களுக்கு ஒரு வேலைக்குழுவுக்கு ஒருவர் மட்டும் கருவியை மாட்டிக்கொண்டார், அவர் அளவே மற்றவர்களுக்கும் எழுதப்பட்டது. ஒரே அறையில் நிற்கும் இருவருக்கிடையே பத்தடி தூரம் இருந்தால்கூடக் கதிர்வீச்சு பல மடங்கு மாறும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம்.

மார்ச் 24 அன்று மூன்றாம் உலையின் சுழலி (டர்பைன்) கட்டடத்தின் அடித்தளத்தில் மூன்று பேர் மின்கம்பி போட்டார்கள். தரையில் தண்ணீர் நின்றது. முந்தைய நாள் அளந்தபோது அளவு குறைவாக இருந்தது. இன்று கருவி அலறியபோது அது பழுதாகிவிட்டது என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். 170 மில்லிசீவர்ட்டுக்கும் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேலே வாங்கினார்கள். இருவரின் காலணிக்குள் அந்தத் தண்ணீர் புகுந்தது. கருவி சரியாகத்தான் வேலை செய்தது. அதைவிட நேற்றைய எண்ணை அவர்கள் அதிகம் நம்பினார்கள்.

இனி நான் இங்கே எழுத வந்த செய்தி. அவசரப் பணிக்கான வரம்பு 100 மில்லிசீவர்ட்டாக இருந்தது, அந்த மார்ச்சில் 250 ஆக உயர்த்தப்பட்டது. அவசரக் காலம் நீங்கியவர்களுக்கு வழக்கமான வரம்பு: ஆண்டுக்கு 50, ஐந்து ஆண்டுக்கு 100. வரம்பைத் தொட்டவர் அந்த வளாகத்தில் வேலை செய்ய முடியாது. நிரந்தர ஊழியருக்கு இது இடமாற்றம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை போகிறது. 2012 ஜூலையில் ஒரு செய்தி வெளியானது. துணை ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் மேலாளர், தொழிலாளர்களின் கதிரளவிகளை ஈயத்தகட்டால் மூடச் சொல்லியிருந்தார். ஈயம் கதிரைத் தடுக்கும், கருவி குறைவாகக் காட்டும். மனித உடலுக்குள் போவது போய்க்கொண்டே இருக்கும்.

கெடிலக்கரை, உங்கள் மீனவர் காலை மறைத்ததும் அந்த ஈயத்தகடும் எனக்கு ஒன்றாகவே தெரிகின்றன. எண் ஏறினால் யாருக்கு நட்டம் என்று முதலில் கேளுங்கள். அந்த நட்டம் அளக்கப்படுகிறவரின் தலையில் விழுமானால், அவரே அளவுகோலை மூடிவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் உலை வைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. உலகமே கதிர்வீச்சை அளந்துகொண்டிருந்தது. அந்த வளாகத்தில் முதல் நாளே இறந்த இரண்டு இளம் ஊழியர்கள் நான்காம் உலைப் பக்கத்து அடித்தளத்தில் கடல் நீரில் மாண்டவர்கள். அந்த மே மாதம் அறுபது வயதைக் கடந்த ஒரு தொழிலாளி வேலையிடத்தில் சரிந்து மாரடைப்பால் இறந்தார். முழு உடையும் முகமூடியும் அணிந்து கோடையில் உழைத்தவர்களை வெப்பம் வாட்டியது. எதற்குக் கருவி இருக்கிறதோ அதையே ஆபத்து என்று நினைக்கும் பழக்கம் எங்கள் துறையின் நோய்.

----

ஆலைச்சங்கு எழுதியது:

அணுவளவு, ஒப்புக்கொள்கிறேன். கட்டாயப் பதிவேடு என்று நான் எழுதியதை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன். எங்கள் துறையிலும் மறக்க முடியாத பாடம் உண்டு. மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துளையிடு மேடை 2010 ஏப்ரல் 20 அன்று வெடித்து 11 பேர் இறந்தார்கள். ஏழு ஆண்டுகள் வேலையிழப்பு விபத்தில்லாமல் ஓடியதைப் பாராட்ட மேலதிகாரிகள் அதே நாளில்தான் அங்கே வந்திருந்தார்கள். கையில் வெட்டுக்காயம் இல்லை என்பது கிணற்றின் அழுத்தத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

அப்படியானால் விளைவை விட்டுவிட்டுச் சூழலை அளக்கலாமே? இஸ்ரேலில் டோவ் சோஹர் 1980இல் இருபது தொழிற்கூடங்களில் செய்த ஆய்விலிருந்து "பாதுகாப்புச் சூழல்" என்ற அளவை ஒன்று வளர்ந்தது. மேலதிகாரி பாதுகாப்பை உண்மையில் மதிக்கிறாரா, அவசரம் வந்தால் விதி காற்றில் பறக்கிறதா என்று தொழிலாளரிடமே கேட்பது. பிலடெல்பியாவின் டிரெக்செல் பல்கலைக்கழகம் இதைத் தீயணைப்புத் துறைக்கென்றே ஒரு வினாத்தாளாக வடிவமைத்திருக்கிறது.

----

இரவுப்பணி எழுதியது:

ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக ஒன்பது ஆண்டு. அந்த மாதிரி வினாத்தாள் எங்களிடமும் ஒருமுறை வந்தது. பணிநேரம் முடிந்து கையெழுத்துப் போடும் இடத்தில், மேற்பார்வையாளர் முன்னால் நிரப்பச் சொன்னார்கள். "என் மேற்பார்வையாளர் என் பாதுகாப்பில் அக்கறை காட்டுகிறார்" என்ற வரிக்கு எல்லோரும் முழு மதிப்பெண் போட்டோம். வேறென்ன போடுவது?

எங்கள் காயங்கள் வேறு வகை. ஓடுகிற வண்டியில் ஊசி குத்திக்கொள்வோம். குடித்தவரின் உறவினர் கன்னத்தில் அறைவார். ஸ்ட்ரெச்சரை மூன்றாம் மாடியிலிருந்து படிக்கட்டில் இறக்கி இறக்கி இடுப்பு போகும். நாளடைவில் தேய்கிற இடுப்புக்கு விபத்துத் தேதி என்று எதை எழுதுவது? படிவத்தில் தேதி இல்லாமல் மேலே நகர முடியாது.

ஒரு குழந்தையைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாமல் போன இரவுக்கு அடுத்த இரவும் வண்டியில் ஏறுகிறோம். அது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அந்த வாரத்தில் எங்கள் பைலட் (வண்டி ஓட்டுநர்) ஒரு லாரியின் பின்னால் மோதப் பார்த்தார். மோதவில்லை, ஆகவே அதுவும் பதிவில் இல்லை.

எண்ணப்படாதவர்கள் எத்தனை பேர் என்பதற்கு ஒரு சான்று. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை கொரோனாவில் இறந்த சுகாதாரப் பணியாளர்கள் என்று முறைப்படி உலக சுகாதார அமைப்புக்குத் தெரிவிக்கப்பட்டவர்கள் 6,643. அதே அமைப்பு பின்னர் செய்த மதிப்பீடு 80,000 முதல் 1,80,000 வரை, நடுவில் 1,15,500. பதிவானவர் ஒருவர் என்றால் உண்மையில் இறந்தவர்கள் ஏறத்தாழப் பதினேழு பேர்.

----

கிள்ளான்வாசி எழுதியது:

மலேசியாவிலிருந்து. 2018 அக்டோபர் 3 அன்று பூச்சோங்கில் ஒரு பழைய சுரங்கக் குட்டையில் விழுந்த பதின்ம வயதுப் பையனைத் தேடப் போன ஆறு தீயணைப்பு வீரர்கள் மூழ்கி இறந்தார்கள். எங்கள் பகுதி நிலையத்தைச் சேர்ந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் காக்கக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு இறங்கியவர்களை நீர்ச்சுழல் சேர்த்தே இழுத்தது. கெடிலக்கரை அக்கா, உங்கள் ஆட்கள் ஓடும் தண்ணீரில் கயிற்றை உடம்பில் எப்படிக் கட்டுகிறார்கள், இழுத்தால் உடனே கழன்றுகொள்ளும் கொக்கி இருக்கிறதா? படிவத்துக்கு முன்னால் இதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

----

எண்ணாயிரம் எழுதியது:

கிள்ளான்வாசி சொன்னதில் ஒரு நல்ல அளவை இருக்கிறது. இறங்கிய படகுகளில் எத்தனை படகில் கழற்றும் கொக்கி இருந்தது? கரைக்குப் போன பிறகும் எண்ண முடியும், யாரும் மறைக்கத் தேவையில்லை, எண் குறைந்தால் தவறு பொருள் வாங்கித் தராதவருடையது. அணுவளவின் கேள்விக்கு இது சரியான விடை.

"மோதப் பார்த்தது, மோதவில்லை" என்பதற்கு விமானத்துறையில் வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகளின் தவறு அறிக்கைகளை வாங்குவது நாசா. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் இன்னொரு துறையிடம் இருக்கிறது. வேண்டுமென்று செய்யாத தவறைப் பத்து நாளுக்குள் எழுதிக் கொடுத்தவருக்குத் தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. கேட்கிற காதும் தண்டிக்கிற கையும் வேறு வேறு உடம்பில் இருக்கின்றன.

----

பழையநிலையம் எழுதியது:

ஒரு குறை, எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இவ்வளவு நேரம் தீயணைப்போர், மீனவர், ஆம்புலன்ஸ் என்று பேசினோம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் உடல்களை எடுத்தவர்கள் யார்? வெளியூர் நகராட்சிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட துப்புரவுத் தொழிலாளர்கள். 2015 வெள்ளத்தில் சென்னைக் குப்பையை அள்ளியவர்களும் வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் வந்தவர்கள்தான், பலருக்குக் கையுறை இல்லை. பேரிடர்ப் பணியாளர் என்று எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயரைத் தேட முடியாது. வகுக்கும் எண்ணில் சேராதவர் காயங்களின் எண்ணிக்கையிலும் சேர மாட்டார். அம்மா, உங்கள் படகு போன தெருவில் அடுத்த நாள் சேறு அள்ளியவர்களுக்கும் எலிக்காய்ச்சல் வந்ததா என்று கேளுங்கள்.

----

கெடிலக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இந்த இழையை அச்செடுத்து வைத்துக்கொண்டு குழுவில் பேசினோம். சிலர் கோபப்பட்டார்கள். "நாங்கள் உதவிக்குப் போகிறோம், கணக்குக் கொடுக்கவா?" என்றார் மூத்தவர் ஒருவர். அவருக்கு ஈயத்தகட்டைப் பற்றிச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டுத் தன் தோள்பட்டையைக் காட்டினார். இரண்டு ஆண்டாக மேலே தூக்க முடியவில்லையாம்.

முதலில் ஒரு தீர்மானம் போட்டோம்: காயம் என்று சொன்னவரின் பெயர் படகுப் பட்டியலிலிருந்து நீங்காது. குணமாகும் வரை கரைப் பணி, குணமானதும் அதே இடம். கடலுக்குப் போக முடியாத நாள்களுக்குக் குழு நிதியிலிருந்து ஒரு தொகை. இது இல்லாமல் வேறு எந்தக் கேள்வியும் கேட்க எனக்கு உரிமையில்லை என்று தோன்றியது.

கேட்கப் போகிறவள் நான் இல்லை. படகில் யார் ஏறுவது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் நான் இருக்கிறேன். எங்கள் ஊரிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் அம்மா ஒப்புக்கொண்டிருக்கிறார். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் ஒருமுறை, முப்பதாம் நாள் ஒருமுறை வீட்டுக்கே போய்க் கேட்பார். காய்ச்சல், தூக்கமின்மை, இடுப்பு, தோள் எல்லாம் அதில் வரும், தேதி கேட்க மாட்டார். எங்களுக்கு எண்ணிக்கை மட்டும் வரும், பெயர் வராது. சேறு அள்ள வந்தவர்களின் வீட்டுக்கும் போக அவரே முன்வந்தார்.

படகு இறக்கத்தைக் கணக்கிட ஒரு நோட்டு வாங்கிவிட்டோம். கொக்கிகளையும் எண்ணினேன். 14 படகில் 3இல்தான் இருக்கிறது. மற்றவர்கள் இடுப்பில் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் இறங்குகிறார்கள். கிள்ளான்வாசி தம்பி, அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பதினொரு கொக்கிக்கு ஆர்டர் கொடுத்துவிட்டேன்.

----

பழையநிலையம் எழுதியது:

நல்லது அம்மா. அந்த மூன்று பூஜ்யங்களை என்ன செய்யப் போகிறாய்?

----

கெடிலக்கரை எழுதியது:

திருத்தி அனுப்புகிறேன் ஐயா. கடிதம் எழுதிவிட்டேன். இதுவரை 37 பேரிடம் பேசியதில் ஆறு காயம், இரண்டு காய்ச்சல். இன்னும் 23 பேர் பாக்கி. திருத்தி அனுப்புவதால் பணம் நின்றுபோகுமோ என்று குழுவில் பயப்படுகிறார்கள், எனக்கும் பயம்தான். நாளைக் காலை தபாலில் சேர்க்கிறேன்.